அவளுக்குத் தரை, எனக்குத் தளம்

செருப்பை வாசல்லயே விட்டுட்டு வா தாயி. நீ மட்டும் வா. உன் ஆளுங்க ரெண்டு பேரும் வண்டியிலயே இருக்கட்டும், அந்தக் கறுப்புத் துணிச் சுருளும் வண்டியிலயே கிடக்கட்டும். காப்பி குடிக்க வர்றவங்களுக்கு என் வீட்டுக் கதவு எப்பவும் தொறந்துதான் இருக்கும். சீலிங்கைப் பிரிக்க வர்றவங்களுக்குத் தொறக்காது. இதை நேத்தே சொல்லிட்டேன், முந்தா நாளும் சொல்லிட்டேன். நீயும் விடாம வந்து நிக்கிற. இம்புட்டுப் பிடிவாதம் ஆகாது தாயி, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். கட்டில்ல உக்காரு. மேல பாக்காத. என் மூஞ்சியப் பாத்துப் பேசு. மேல என்ன இருக்கு? பிளாஸ்டிக் சீலிங்கு. பல்லி விழுதேன்னு போட்டது. அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல.

கோயமுத்தூர்ப் பக்கமா நீ? பேச்சுலயே தெரியுது. மெயின்லேண்டுல இருந்து போர்ட் பிளேருக்கு வர்ற இஞ்சினியருங்கள நான் நிறையப் பாத்தாச்சு. வந்த வாரம் எங்க வீட்டுச் சுவத்தை எல்லாம் தட்டித் தட்டிப் பாப்பாங்க, அடுத்த வாரம் ஹேவ்லாக் பீச்சுக்குப் போயி போட்டோ எடுப்பாங்க. நீ போகலியா? போய்ட்டு வாயேன். நல்லா இருக்கும்.

சரி, போக மாட்ட. அப்ப நீ சொன்னதையே நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாத்துக்க. அப்புறம் கிழவி புரியாம மல்லுக்கு நின்னான்னு சொல்லக் கூடாது பாரு. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற கான்கிரீட்டு பலமா இல்ல. உள்ள கம்பி துருப்பிடிச்சுப் போச்சு. அடுத்து பெருசா ஒரு பூகம்பம் வந்துச்சுன்னா, சுவரையெல்லாம் சேத்துப் பிடிச்சுக்கிட்டு அது நிக்காது, மடமடன்னு இறங்கிரும். அதனால அதுக்கு அடியில அந்தக் கறுப்புத் துணியை, என்னமோ கார்பன் நாருங்கிற, பட்டை பட்டையா பசை போட்டு ஒட்டணும். காஞ்சு இறுகுச்சுன்னா இரும்பு கணக்கா இழுத்துப் பிடிச்சுக்கும். நான் கதவைத் தொறக்கலேன்னா, மேல மனுசர் குடியிருக்கக் கூடாதுன்னு நீ சொல்லிருவ. மேல குடியிருக்கிறவளும் சென்னையில இருக்கிற மகன்கிட்டயே போயிருவா, இனி இந்தப் பக்கம் திரும்ப மாட்டா. அம்புட்டுத்தான?

போகட்டுமே. எனக்கென்ன வந்துச்சு?

எங்க நாத்தனா அவ. பூமயிலு. எங்க வீட்டுக்காரக கூடப் பிறந்த தங்கச்சி. இந்த வீட்டை அவுகதான் கட்டுனாக. கீழ நமக்கு, மேல தங்கச்சிக்குன்னு கட்டுனாக. அவுகளும் போய்ச் சேந்தாச்சு, அவ வீட்டுக்காரரும் போய்ச் சேந்தாச்சு. கீழ நான் ஒருத்தி, மேல அவ ஒருத்தி. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு இருபது வருசம் ஆச்சு. அவ படியில வந்தா நான் உள்ள போயிருவேன். நான் வாசல்ல நின்னா அவ படியில நிக்க மாட்டா. ஒரு கரைச்சலும் இல்ல. நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு, நீ வர்ற வரைக்கும்.

நீ முதல்ல வந்தப்ப என்ன சொன்ன? "மேல் வீட்டுத் தரைக்கு வேலைம்மா"ன்ன. தரை! எது தாயி தரை? கம்பி கட்டி, ஜல்லி கொட்டி, ஊரே கூடி நின்னு ஒரே நாள்ல போடுறதுக்குப் பேரு தளம். "தளம் போட்டாச்சா"ன்னுதான் கேப்பாங்க. "தரை போட்டாச்சா"ன்னு எந்த ஊர்ல கேக்குறாங்க, உங்க கோயமுத்தூர்ல கேக்குறாங்களா? தளம் போட்ட அன்னைக்குக் கெடா வெட்டி வேலையாளுக்கெல்லாம் சோறு போட்டோம். என் தலைக்கு மேல இருக்கிற தளம் அது. அவ அதுமேல நாலு டைல்ஸை ஒட்டிட்டா அது அவ தரையாயிருமா? இத்தனை வருசம் வாய் திறக்காம இருந்துட்டு, இப்ப உன் வாயால தரைன்னு சொல்ல வச்சு தளத்தையே அமுக்கப் பாக்கிறா. படிச்ச பிள்ளை நீ, உனக்கு இந்த சூதெல்லாம் எங்க தெரியப் போகுது? அவ தரைக்கு வேலைன்னா அவ வீட்டுக்குள்ள வச்சுப் பாரு. என் வீட்டுல உனக்கு என்ன சோலி?

தெரியும், தெரியும். எடை மேல அழுத்தும்போது அடிப்பக்கம்தான் விரியும், விரியிற பக்கம்தான் ஒட்டணும். மேஸ்திரி பொண்டாட்டிக்கே பாடம் எடுக்கிறியா? புரியாமலா பேசுறேன். புரியறது வேற, உள்ள விடுறது வேற.

காப்பியைக் குடி. சீனி போதுமா?

போன வாரம் அவ வீட்டுச் சாமானெல்லாம் கீழ இறங்குச்சு பாத்தியா? நீதான் எடையைக் குறைக்கணும்னு இறக்கச் சொன்னதுன்னு எனக்கு அப்பத் தெரியாது. பீரோ போகுது, கட்டில் போகுது, கிரைண்டர் போகுது. நான் ஜன்னல்கிட்டயே நின்னு பாக்கிறேன். ஆகா, காலி பண்ணிட்டுப் போறாடான்னு எனக்கு நிலை கொள்ளல. உடனே பாயசம் வச்சேன். ஆமா, பாயசம்தான், அதுல என்ன ஒளிவு மறைவு? சேமியா, முந்திரி, ஒண்ணும் குறை வைக்கல. வச்சு இறக்குன பிறகுதான் யாருக்குக் குடுக்கிறதுன்னு தெரியல. நானே குடிச்சேன். சப்புன்னு இருந்துச்சு. பால் சரியில்ல. இந்த ஊர்ல பவுடர் பால்தான கிடைக்குது, அதுல என்ன ருசி இருக்கும்.

அப்புறம் இந்த ஒரு வாரமா தூக்கம் இல்ல. அவளால இல்ல. சத்தம் இல்லாததால. இருபது வருசமா காலையில அவ எழுந்திரிச்சா எனக்குத் தெரியும். இடது கால் முதல்ல, அப்புறம் வலது கால் இழுத்து இழுத்து. மூட்டு வலி அவளுக்கு. மழைக்காலம் வந்தா இன்னும் இழுக்கும். ஒரு நாள் ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போனா, சுகர் ஏறிருச்சுன்னு அப்பவே நினைச்சேன். ஒரு மாசம் கழிச்சு டாக்டரும் அதையேதான் சொன்னாராம், பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டாங்க. அந்தத் தொந்தரவு பழகிப் போச்சு எனக்கு. இப்ப வெறும் வீட்டுல ஒரு பாயைப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கா போல, நடமாட்டமே கேக்கல. மனுசன் செத்தானா பிழைச்சானான்னு ஒரு சத்தம் வேணாமா?

அவ சத்தத்தைப் பத்திப் பேசணும்னா இன்னொண்ணு இருக்கு. அதையும் கேட்டுக்க. இங்க அடிக்கடி லேசா ஆடும்ல? பாத்திரம் குலுங்கும், கதவு தடதடக்கும், நின்னுரும். எங்களுக்கு அது பெரிய விசயமே இல்ல. ஆனா ஆட்டம் நின்ன மறு நிமிசம் அவ உலக்கையைத் தூக்கி மேல இருந்து இடிப்பா பாரு, ணங்கு ணங்குன்னு. என் தலைக்கு நேரா. வேணும்னே! எனக்கு ஏற்கனவே படபடன்னு இருக்கும், அப்பப் பாத்து இடிக்கிறாளே, அவளுக்கு எம்புட்டுக் கொழுப்பு? நான் விடுவேனா? ஒட்டடைக் கம்பை எடுத்து நானும் கீழ இருந்து இடிப்பேன். நான் இடிச்சாத்தான் அவ நிறுத்துவா. ஒரு தடவை காய்ச்சல்ல கிடந்தேன், எழுந்திரிக்க முடியல, திருப்பி இடிக்கல. அவ பாட்டுக்கு இடிச்சுக்கிட்டே இருக்கா. அப்புறம் படியில இறங்கி வர்ற சத்தம் கேக்குது. என் கதவை வேற தட்ட ஆரம்பிச்சுட்டா. தட்டுத் தடுமாறி எழுந்து கம்பை எடுத்து ரெண்டு இடி இடிச்சேன். அப்பத்தான் திரும்பிப் போனா. அவ்வளவு சண்டைக்காரி அவ.

ஏன் சிரிக்கிற? நான் சொல்றது சிரிக்கிற மாதிரியா இருக்கு?

எதுக்குப் பேச்சு நின்னுச்சுன்னு கேக்கணும் போல இருக்கு உனக்கு, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கேளு. சுனாமி வந்துச்சுல்ல, அந்த ஞாயித்துக்கிழமை. தண்ணி எங்க மேட்டுக்கு ஏறல. ஆனா அதுக்கு முன்னாடி ஆடுச்சு பாரு ஒரு ஆட்டம், அப்ப நீ பிறந்து சின்னப் பிள்ளையா இருந்திருப்ப. விடிகாலை. நான் அடுப்புல உலை வச்சிருக்கேன். தரை அலை கணக்கா போகுது. நிக்க முடியல. அவுக கட்டில்ல இருந்து துள்ளி எழுந்தாக. என்ன செஞ்சாக தெரியுமா? என்னைக் கொத்தாப் பிடிச்சு வாசல் வழியா வெளிய தள்ளிவிட்டாக. பொண்டாட்டின்னு கூடப் பாக்கல, சாக்கு மூட்டையைத் தள்ளுற மாதிரி தள்ளிவிட்டாக. முற்றத்துல போயி விழுந்தேன். இந்தா, முழங்கையில தழும்பு, இன்னும் போகல பாரு. தள்ளிவிட்டுட்டு மேல ஓடுனாக. தங்கச்சியைக் கூப்பிட. அவ வீட்டுக்காரர் அன்னைக்குக் கப்பல்ல. "இறங்கு பூமயிலு, தளத்தை விட்டு இறங்கு"ன்னு கத்திக்கிட்டே ஓடுனாக.

வீடு நின்னுச்சு. எல்லாரும் பிழைச்சோம். அன்னைக்கு சாயங்காலம் எல்லாரும் மைதானத்துல தார்ப்பாய் போட்டு உக்காந்திருக்கோம். தெருவே உக்காந்திருக்கு. அப்ப சொல்றா அவ, எல்லார் முன்னாடியும்: "எங்கண்ணன் முதல்ல என்கிட்டதான் ஓடி வந்துச்சு."

இந்த ஒரு வார்த்தைதான். இதைத் தாங்கிக்கிட்டு அவகூடப் பேசச் சொல்றியா? அவுகளும் அங்கதான் உக்காந்திருந்தாக. ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல. என் முழங்கையில மஞ்சப் பொடி வச்சுக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருந்தாக. இருந்துட்டுப் போகட்டும். அன்னைக்கு அவகிட்ட நான் மூடுன வாய்தான்.

கட்டிக்கிட்டவளை வெளிய தள்ளிட்டுத் தங்கச்சிகிட்ட ஓடுன மனுசன்தான். ஆனாலும் அவுக போட்ட தளத்தை ஒருத்தி வந்து சொத்தைன்னு சொல்ல நான் விட மாட்டேன். இதுதான் விசயம். உனக்கு இப்பப் புரிஞ்சிருக்கும். சேதுராசு மேஸ்திரி தளம் போட்டா யானை கட்டலாம்னு இந்த ஊர்ல சொல்லுவாங்க. அதுக்கு அடியில துணி ஒட்டி நிறுத்துனாங்கன்னு நாளைக்கு மார்க்கெட்டுல பேசுவாங்க. நான் மீன் வாங்கப் போக முடியுமா? இருக்கிறவரைக்கும் அவுக பேருக்கு ஒரு சொல்லு வரல. செத்த பிறகு வரவிடுவேனா?

என்னது, கடல் மண்ணா? யாரு சொன்னா உனக்கு?

ஆமா, கடல் மண்ணுதான். அப்ப இந்த ஊர்ல எல்லா வீடும் கடல் மண்ணுதான். இந்தத் தீவுல என்ன வைகையா ஓடுது, ஆத்து மணல் அள்ள? ஆனா அவுக சும்மா அள்ளிப் போடல தாயி. கழுவித்தான் போட்டாக. கழுவுனது யாரு? நான்! நானும் அவளும். பூமயிலுதான், வேற யாரு? அப்ப நல்லாத்தான இருந்தா, மதினி மதினின்னு முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே திரிவா.

அந்தக் கோடையில குழாய்ல தண்ணியே இல்ல. லாரி எப்ப வரும்னு பாத்துக்கிட்டுக் கிடக்கணும். குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல மண்ணைக் கழுவுறாளுங்களேன்னு அக்கம்பக்கத்துல வஞ்சாங்க. நாங்க விடல. பெரிய இரும்புத் தொட்டி ஒண்ணு. அதை நிரப்பி, மண்ணைக் கூடையில அள்ளி முக்கி அலசி எடுப்போம். அலசுன தண்ணியில ஒரு சொட்டு கீழ போக விடல. பழைய வேட்டியில வடிகட்டி, அதே தண்ணியில அடுத்த கூடை. திரும்ப வடிகட்டி, அதே தண்ணியில அதுக்கடுத்த கூடை. மண்ணு மொத்தமும் அந்த ஒரே தொட்டித் தண்ணியிலதான் கழுவுனோம். எந்த ஊர்லயாவது எவளாவது அப்படிச் செட்டா வேலை பாத்திருப்பாளா? ஒரு கூடையை மூணு மூணு தரம் முக்கி எடுத்தோம். கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. போகப் போக வெடிப்புல தண்ணி பட்டா அப்படி எரியும், "எரியுது மதினி, எரியுது மதினி"ன்னு அவ குதிப்பா, நான் சிரிப்பேன். அவுக வந்து பாத்துட்டு, "என் வீட்டு மண்ணு மாதிரி சுத்தமான மண்ணு இந்த அந்தமான்லயே கிடையாது"ன்னாக. சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம் அன்னைக்கு.

ஏன் காப்பியைக் கீழ வச்சுட்ட? ஆறிப் போச்சா?

என்ன பிள்ளை நீ, தலையைக் குனிஞ்சுக்கிற? நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா? இல்லேன்னா வாயைத் திறந்து சொல்லு. சொல்லக் கூடாதா? யாரு சொல்லக் கூடாதுன்னது?

பூமயிலா?

சொல்லு. சொல்லாம நீ இந்த வீட்டை விட்டுப் போக முடியாது. கதவைச் சாத்திருவேன், ஆமா.

"மதினிகிட்டத் தளத்துல கோளாறுன்னு சொல்லாதீங்க. என் வீட்டுத் தரையில கோளாறு, அதுக்கு வேலைன்னு சொல்லுங்க"ன்னாளா. அவளா? அவ எதுக்கு அப்படிச் சொல்லணும்?

தண்ணியா? தண்ணியில என்ன?

ஒரே தண்ணியில அலசுனா உப்பு போகாதா? வெளிய வந்த உப்பெல்லாம் அந்தத் தண்ணிக்குள்ளயேதான கிடக்கும்னு... கிடக்கும்தான். போகப் போக அந்தத் தண்ணியே உப்பாயிரும். அது திரும்ப மண்ணுல ஏறும். மண்ணுல இருந்து கம்பிக்குப் போகும். அதான் எரிஞ்சிருக்கு.

அதான் எரிஞ்சிருக்கு தாயி.

இதை அவகிட்ட எப்பச் சொன்ன நீ? முதல் நாளேவா. கேட்டுட்டு என்ன சொன்னா? முழுசாச் சொல்லு, ஒரு வார்த்தை விடாத. "மதினிக்குத் தெரியவே கூடாது. கை புண்ணாகிப் போயும் விடாமக் கழுவுச்சு. தெரிஞ்சா அது மனசு விட்டுரும்." இப்படியா சொன்னா? நான் சம்மதிக்கலேன்னா அவ சென்னைக்குப் போயிர்றதா சொன்னதும் அதுக்குத்தானா? மேல ஆளும் சாமானும் இல்லேன்னா கீழ எனக்காவது கொஞ்சம் ஆபத்து குறையும்னு?

இரு. தண்ணி குடிச்சுட்டு வர்றேன். நீ எழுந்திரிக்காத.

சரி. உப்புதான். அதுக்கு இப்ப என்னங்கிற? உப்புன்னு தெரிஞ்சா கழுவுனோம்? ரெண்டு பொம்பளைங்க கை வெடிக்க வெடிக்கக் கழுவுன மண்ணு அது. சுனாமி அன்னைக்கு ஆடுன ஆட்டத்துல ஊர்ல எத்தனை வீடு உக்காந்துச்சு, இது உக்காரலையே! கெட்ட தளம்னு எவனாவது சொல்லட்டும், நாக்கைப் பிடுங்கிருவேன்.

அதுக்கும் மேல, எனக்குப் பாவம் பாக்க இவ யாருங்கிறேன். மனசு விட்டுருவேனாம்! நானா? இருபது வருசம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனவ, கடைசியில பழியைத் தூக்கித் தன் தரை மேல போட்டுக்கிட்டு ஊரை விட்டுப் போவாளாம். நான் இங்க மகாராணியா உக்காந்திருக்கணுமாம். எம்புட்டுத் திமிரு பாத்தியா? விடுவேனா நான்? அவளைப் போக விட்டா நான் தோத்தவ. அவ பெரிய மனுசி ஆயிருவா. அது மட்டும் நடக்காது.

கூப்பிடு உன் ஆளுங்களை. துணியைக் கொண்டு வரச் சொல்லு. பசையை, உளியை, என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லு. இந்த சீலிங்கைக் கழட்டுங்க. பல்லிக்குன்னா போட்டேன்? ரெண்டு வருசத்துக்கு முன்னாடி துருவும் சிமெண்டும் சோத்துத் தட்டுல கொட்ட ஆரம்பிச்சுச்சு, அதான் போட்டேன். அண்ணன் போட்ட தளம்னு அவ மேல பெருமையா நடக்கிறாளே, கண்ணுல பட்டா தாங்க மாட்டாளேன்னு... அதெல்லாம் இல்ல. பாத்தா கேலி பண்ணுவா. அதுக்காகப் போட்டேன். அப்படித்தான் எழுதிக்க.

நல்லா ஒட்டணும் கேட்டியா? மூலை முடுக்கு விடாம. அவ மூட்டு வலிக்காரி, பெருசா ஆடுனா படியில சட்டுன்னு இறங்க முடியாது. அவ ஓடி இறங்குற வரைக்கும் நிக்கணும் இது. அப்படி ஒட்டு.

முதல்ல இந்தப் பீரோவை ஒதுக்கணும். உன் ஆளுங்க தொட வேணாம். இதுல என் நகை நட்டு, அவுக வேட்டி சட்டை எல்லாம் இருக்கு, அந்நிய ஆம்பளை கை படக் கூடாது. எனக்கு ஒருத்தியா நகத்தவும் முடியாது. தள்ளு, வாசப்படிக்குப் போறேன். பயப்படாத, நான் மேல எல்லாம் ஏற மாட்டேன். மேல இருக்கிறவதான் இறங்கி வரணும். கீழ இருக்கிறவ இன்னும் எங்க இறங்குறது?

ஏய்! பூமயிலு! அடியேய், உன்னைத்தான்! இந்தப் பிள்ளை எல்லாத்தையும் சொல்லிருச்சு, நடிக்காத. சென்னைக்குப் போறாளாம் சென்னைக்கு, பெரிய தியாகி! பாயைச் சுருட்டி வச்சுட்டு உன் தரையை விட்டு இறங்கி வாடி. மெதுவா வா, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு வா. இந்தப் பீரோவை அந்தப் பக்கம் பிடிக்க எனக்கு ஆள் இல்ல.